ஓமனில் பெருநாளும் விடுமுறையும்: புதிதாக வருவோர் திட்டமிடும் முறை

ஓமனுக்கு முதன்முறையாக வருகிறவர், சுற்றுலாவுக்காக வந்தாலும் வேலையில் சேர வந்தாலும், பயண நாளைக் குறிக்கும் முன் இரண்டு நாட்காட்டிகளைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கில நாட்காட்டி. மற்றது பிறையை வைத்து மாதம் கணிக்கும் ஹிஜ்ரி நாட்காட்டி. நாட்டின் பெரிய விடுமுறைகளில் பெரும்பாலானவை இரண்டாவது நாட்காட்டியைச் சேர்ந்தவை. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவானது என்பதால் அவை ஒவ்வோராண்டும் அந்த அளவுக்கு முன்னே நகர்ந்துவிடும். சென்ற ஆண்டு வந்துபோன நண்பர் சொன்ன தேதியை நம்பிச் சீட்டு எடுப்பவர், கடைகள் அடைத்துக் கிடக்கும் வாரத்தில் மஸ்கட்டில் வந்து இறங்க நேரலாம்.

முதலில் விடுமுறைகளின் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022இல் வெளியான அரச ஆணையின்படி சமயம் சார்ந்த விடுமுறைகள் ஐந்து: முஹர்ரம் முதல் நாளான ஹிஜ்ரி புத்தாண்டு, ரபீஉல் அவ்வல் 12ஆம் நாளான மீலாது நபி, ரஜப் 27ஆம் நாளான மிஹ்ராஜ் (நபியின் விண்ணேற்ற நாள்), ரமலான் 29ஆம் நாளில் தொடங்கி ஷவ்வால் 3 வரை நீளும் நோன்புப் பெருநாள், துல்ஹஜ் 9 முதல் 12 வரையிலான ஹஜ்ஜுப் பெருநாள். சமயம் சாராதவை இரண்டு. சுல்தான் ஹைதம் பின் தாரிக் 2020 ஜனவரி 11 அன்று அரியணை ஏறியதை நினைவுகூரும் நாள் ஒன்று. நவம்பரில் வரும் தேசிய தினம் மற்றொன்று. வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். 2013 மே மாதம் வரை அது வியாழனும் வெள்ளியுமாக இருந்தது; பழைய வழிகாட்டி நூல்களில் இன்னும் அப்படியே இருப்பதைக் காணலாம்.

இவற்றுள் ஒருநாள் விடுமுறைகள் குறித்த நாளிலேயே விடப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. வாரத்தின் நடுவில் வரும் ஒற்றை நாளை வார விடுமுறையோடு ஒட்டும்படி வியாழனுக்கோ ஞாயிறுக்கோ நகர்த்துவது அரசின் வழக்கம். 2025இல் ஹிஜ்ரி புத்தாண்டு விடுமுறை ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை விடப்பட்டது. புத்தாண்டோ அதற்கு முன்பே பிறந்துவிட்டது. அலுவலக வேலை எதுவும் இருந்தால், விசா முத்திரையானாலும் சான்றொப்பமானாலும் வங்கிக் கணக்கானாலும், நாட்காட்டியில் அச்சிட்ட தேதியை விட்டுவிட்டு ஓமன் செய்தி முகமை சில நாள் முன்பு வெளியிடும் அறிவிப்பையே பின்பற்றுங்கள்.

பிறை எப்போது தெரியும்?

புதியவர்கள் இடறும் இடம் இதுதான். ரமலானும் இரு பெருநாள்களும் தொடங்கும் நாளை அவ்காஃப் (அறநிலையம்) மற்றும் சமய விவகார அமைச்சகத்தின் பிறைக்குழு அறிவிக்கும். மாதத்தின் 29ஆம் நாள் மாலை, சூரியன் மறைந்தபின் பிறை தென்பட்டால் மறுநாள் புதிய மாதம். தென்படாவிட்டால் நடப்பு மாதம் 30 நாளாக நிறைவடையும். இந்த விஷயத்தில் ஓமன் தன் சொந்த முடிவையே எடுக்கும். சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் அறிவித்துவிட்டன என்பதற்காக மஸ்கட் அதைப் பின்பற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. 2024இல் அமீரகத்தில் மார்ச் 11 அன்றும் ஓமனில் மார்ச் 12 அன்றும் நோன்பு தொடங்கியது. 2025இல் இரு நாடுகளிலும் ஒரே நாளில் நோன்பு தொடங்கியும், பெருநாள் அங்கே மார்ச் 30, இங்கே மார்ச் 31 என்று பிரிந்தது. துபாயில் பெருநாள் தொழுகையை முடித்துவிட்டு அன்றே காரில் மஸ்கட் வந்த சிலர், இங்கே இன்னும் நோன்பு நாள் என்பதை எல்லை தாண்டிய பிறகே உணர்ந்தார்கள். நம் நாட்டில் பெருநாள் இன்னும் ஒரு நாள் தள்ளி வருவதும் உண்டு என்பதால், ஊருக்குத் திரும்பிக் குடும்பத்தோடு கொண்டாட நினைப்பவர்களுக்குச் சில ஆண்டுகளில் இரண்டு பெருநாள் கிடைத்துவிடுகிறது.

ஆகவே ஒரு தேதியை வைத்துத் திட்டமிடாதீர்கள். இரண்டு நாள் இடைவெளியை வைத்துத் திட்டமிடுங்கள். கணக்குப்படி 2027இல் ரமலான் பிப்ரவரி 8ஐ ஒட்டியும், நோன்புப் பெருநாள் மார்ச் 10ஐ ஒட்டியும், ஹஜ்ஜுப் பெருநாள் மே 16ஐ ஒட்டியும் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் முன்பின் ஆகலாம். நோன்புப் பெருநாள் விடுமுறை அறிவிப்பே சில ஆண்டுகளில் இரண்டு வகையாக வெளியாகும்: பெருநாள் ஞாயிறு என்றால் அலுவலகங்கள் இந்த நாளில் திறக்கும், திங்கள் என்றால் அந்த நாளில் திறக்கும் என்று. 2025இலும் அப்படித்தான் அறிவித்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் இதைவிட எளிது. துல்ஹஜ் பிறை பார்த்தபின் பெருநாளுக்கு ஒன்பது நாள் இருப்பதால் தேதி முன்கூட்டியே உறுதியாகிவிடும். 2025இல் விடுமுறை ஜூன் 5 முதல் 9 வரை என்று எல்லோருக்கும் நேரத்தோடு தெரிந்திருந்தது. ஹோட்டல் முன்பதிவில், நோன்புப் பெருநாளுக்கு மட்டுமாவது, கட்டணமின்றி நாளை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எந்த நாள்களில் வருவது?

ஒரு முஸ்லிம் நாட்டின் பெருநாளைக் காண வேண்டும் என்ற ஆசையில் பலர் பெருநாள் காலையில் வந்து இறங்கும்படி பயணத்தை அமைக்கிறார்கள். ஓமனைப் பொறுத்தவரை அது தவறான தேர்வு என்பது என் கருத்து. இங்கே பெருநாள் வீட்டுக்குள்ளும் சொந்த ஊரிலும் நடப்பது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஓமானியர் முந்தைய நாளே நிஸ்வாவுக்கும் சூருக்கும் ருஸ்தாக்குக்கும் இப்ராவுக்கும் புறப்பட்டுவிடுவார்கள். தலைநகரின் சாலைகள் வெறிச்சோடும்; மஸ்கட்டின் பழைய சந்தையான முத்ராவில் பாதிக் கடைகள் கதவடைத்திருக்கும்; அருங்காட்சியகங்களும் கோட்டைகளும் முதல் நாளில் பெரும்பாலும் மூடியிருக்கும். வெளியூர்க்காரர் கண்ணால் காணக்கூடிய கொண்டாட்டம் பெருநாளுக்கு முந்தைய நான்கைந்து நாள்களிலும், பெருநாளின் இரண்டாம், மூன்றாம் நாள்களில் உள்நாட்டு ஊர்களிலும் இருக்கிறது. முடிந்தால் பெருநாளுக்கு ஐந்து நாள் முன்பு வாருங்கள். முதல் நாளை ஓய்வுக்கு விட்டுவிட்டு இரண்டாம் நாள் ஊர்ப்புறம் போங்கள்.

நோன்பு மாதத்தில் நடந்துகொள்ளும் முறை

ரமலான் மாதத்தில் பகலில் பொதுவிடத்தில் உண்பதும் பருகுவதும் ஓமன் தண்டனைச் சட்டப்படி குற்றம். பத்து நாள் முதல் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடம் உண்டு. புகைப்பதும் கூடாது. முஸ்லிம் அல்லாதவருக்கும் இது பொருந்தும். சொந்தக் காருக்குள் அமர்ந்து தண்ணீர் குடிப்பதும் சாலையில் நிற்பவர் கண்ணில் பட்டால் பொதுவிடத்தில் குடித்ததாகவே கருதப்படும். சிறு குழந்தைகளை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அச்சப்பட வேண்டியதில்லை, ஏற்பாடுதான் தேவை. ஹோட்டல்களில் தங்கியிருப்போருக்கு மறைவான பகுதியிலோ அறைக்குள்ளோ உணவு தருவார்கள். பேரங்காடிகளும் மளிகைக் கடைகளும் பகலில் திறந்திருக்கும் என்பதால் ரொட்டியும் பழமும் தயிரும் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பலாம். உணவகங்களில் பெரும்பாலானவை மாலைவரை மூடியிருக்கும். மதுக்கூடங்கள் மாதம் முழுவதும் மூடியிருக்கும். இரைச்சலான இசை நிகழ்ச்சிகளும் நடக்காது.

வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி ரமலானில் முஸ்லிம் தொழிலாளரின் வேலை நேரம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு, வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. சட்டம் முஸ்லிம் தொழிலாளர் என்றே சொல்வதால் மற்றவர்களுக்கு நிறுவனம் நேரத்தைக் குறைக்கலாம், குறைக்காமலும் இருக்கலாம். சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. அரசு அலுவலகங்களிலும் நேரம் குறையும். ஒரு கையெழுத்துக்காகச் செல்பவர் காலை பத்து மணியை ஒட்டிச் செல்லட்டும். அதிகாலையில் போனால் ஆள் வந்திருக்க மாட்டார். நண்பகலுக்குப் பின் போனால் புறப்பட்டுக்கொண்டிருப்பார்.

நாளின் மிக ஆபத்தான நேரம் நோன்பு திறப்பதற்கு முந்தைய முக்கால் மணி. பசியும் தாகமும் களைப்புமாக எல்லோரும் வீட்டுக்கு விரைவார்கள். அந்த நேரத்தில் சாலையில் இருக்க வேண்டாம். சூரியன் மறைந்ததும் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு ஒலித்தபின் அதே சாலை அரைமணி நேரம் காலியாகக் கிடக்கும். அதன்பின் ஊர் விழித்துக்கொள்ளும். ரமலான் இரவுகளுக்குரிய தராவீஹ் தொழுகை முடிந்ததும் கடைவீதிகளில் கூட்டம் நள்ளிரவு தாண்டியும் குறையாது. துணி எடுக்க, அத்தர் வாங்க, முத்ராவில் உலாவ ஏற்ற நேரம் இதுவே.

நோன்பு திறக்க யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள். பல பள்ளிவாசல்களின் முற்றத்தில் விரிக்கப்படும் பொது விரிப்பிலும், எந்த நாட்டவர், எந்தச் சமயத்தவர் என்று கேட்காமல் இடம் தருவார்கள்; கட்டடத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் அங்கேதான் அமர்கிறார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், மோர், கஞ்சி போன்ற ஷோர்பா, சமோசா, சர்க்கரைப் பாகில் தோய்த்த லுகைமாத் என்று எளிய உணவுதான். பாங்கு ஒலிக்கும்வரை எதையும் தொடாமல் காத்திருங்கள். நோன்பு திறந்தவுடன் அவர்கள் தொழச் செல்வார்கள். திரும்பி வந்தபிறகுதான் முழு உணவு.

ரமலான் பதினான்காம் நாள் மாலை குழந்தைகளுக்கு உரியது. கரன்கஷோ என்று அழைக்கப்படும் அந்த இரவில் சிறுவர் சிறுமியர் வண்ண உடையில், கையில் பையுடன், பாடிக்கொண்டே வீடு வீடாகச் சென்று இனிப்பும் கொட்டை வகைகளும் பெறுவார்கள். குடியிருப்புப் பகுதியில் தங்கியிருந்தால் மிட்டாய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; கதவு நிச்சயம் தட்டப்படும். குழந்தைகளைப் படம் எடுக்கும் முன் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

ஹப்தா: தவறவிடக் கூடாத சந்தை

பெருநாளுக்கு முந்தைய நாள்களில் உள்நாட்டு ஊர்களில் கூடும் சந்தைக்கு ஹப்தா என்று பெயர். நிஸ்வா, ஃபன்ஜா, சமாயில், இப்ரா, சினாவ், ருஸ்தாக் என ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முறைநாள் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு ரமலானின் கடைசி நாள்களிலும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு துல்ஹஜ் முதல் வாரத்திலும் அவை அடுத்தடுத்துக் கூடும். எந்த ஊரில் எந்த நாள் என்பதை ஹோட்டல் வரவேற்பாளரிடம் கேட்பதைவிட, உள்ளூர் டாக்சி ஓட்டுநரிடம் கேட்டால் சரியான விடை கிடைக்கும்.

விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். சூரியன் ஏறுவதற்குள் நல்ல ஆடுகள் கைமாறிவிடும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் சந்தை கலையத் தொடங்கும். மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள நிஸ்வாவில், கோட்டையின் அருகே, ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி விற்பவர்கள் வட்டமாகச் சுற்றி வர, வாங்குகிறவர்கள் நடுவிலும் ஓரத்திலும் நின்று விலை கேட்பார்கள். வழக்கமாக வெள்ளிதோறும் நடப்பதுதான் இது. பெருநாள் வாரத்தில் அதன் அளவே வேறு. கன்றும் காளையும் வந்து இறங்கும். கூச்சலின் நடுவே ஒருவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்; இன்னொருவர் முதுகெலும்பைத் தடவிச் சதைப்பிடிப்பை அளப்பார். நம் ஊர்ப் பொங்கல் காலத்து மாட்டுச் சந்தையைப் பார்த்தவருக்கு இதில் எதுவும் அந்நியமாக இராது.

கால்நடைகளைத் தாண்டிச் சென்றால் மற்றச் சரக்குகள். மண்குழியில் வேகவைக்கும் இறைச்சியான சுவாவுக்கான மசாலாக் கலவை, பூண்டு, காடி, இறைச்சியைச் சுற்றுவதற்கான வாழையிலைக் கட்டுகள், பேரீச்ச ஓலையில் முடைந்த பைகள், மிஷ்காக் என்னும் சுட்ட இறைச்சிக்கான குச்சிகள், கரி, நெய், தேன், பெரிய தட்டுகளில் இன்னும் சூடு ஆறாத அல்வா, குழந்தைகளுக்கான பொம்மைகள், கஞ்சர் குத்துவாளும் அதன் வெள்ளிக் கச்சையும். ஒரு குடும்பம் மூன்று நாளில் என்ன சமைக்கப் போகிறது என்பதை அவர்கள் வாங்கும் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பார்வையாளருக்கு இங்கே மூன்று எச்சரிக்கைகள். ஏலம் நடக்கும் வட்டத்துக்குள் நுழைந்து படம் எடுக்காதீர்கள். மிரண்ட காளை கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும். பெண்களை, குறிப்பாக முகமூடி அணிந்த பெடுயின் (பாலை நாடோடி) மூதாட்டிகளை, அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம். ரமலானில் நடக்கும் ஹப்தாவில் அல்வாவைச் சுவைத்துப் பார்க்கச் சொல்லி யாரும் நீட்ட மாட்டார்கள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மாலையில் சாப்பிடுங்கள்.

பெருநாள் மூன்று நாளும்

முன்னேற்பாடாக, விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வேலைநாளில் பணம் எடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்குப் பெருநாள் காசு கொடுக்கப் புதிய சிறு நோட்டுகளைத் தேடி எல்லோரும் வங்கிக்கும் ஏ.டி.எம்.முக்கும் போகும் நேரம் அது. வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 9999 என்ற எண் எந்நாளும் இயங்கும். மருத்துவமனைகளின் அவசரப் பிரிவும் அவ்வாறே.

முதல் நாள் காலை, சூரியன் உதித்துச் சிறிது நேரத்தில், திறந்தவெளித் திடல்களிலும் பள்ளிவாசல்களிலும் பெருநாள் தொழுகை நடக்கும். தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு சொல்: ஓமனில் இஸ்லாத்தின் ஒரு பிரிவான இபாதி வழியினர் கணிசமானவர், தொழுகையில் அவர்கள் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நிற்பார்கள். ஷாஃபியும் ஹனஃபியும் அவர்களோடு ஒரே வரிசையில் நின்று தொழுவது இங்கே அன்றாட வழக்கம் என்பதால் தயங்க வேண்டியதில்லை. தொழாதவர்கள் திடலின் ஓரத்தில் நிற்கலாம். வெள்ளை திஷ்தாஷா என்னும் நீண்ட அங்கி, தலைப்பாகை, இடுப்பில் கஞ்சர், கையில் பிரம்பு என்று ஊர் ஆண்கள் எல்லோரும் ஒன்றுபோல் உடுத்தி வருவதைப் பார்க்கலாம். தொழுகைக்குப் பின் சில ஊர்களில் கோட்டைச் சுவரின் கீழோ மரநிழலிலோ குழந்தைகளுக்கான பொம்மைக் கடைகள் முளைக்கும். கையில் கிடைத்த பெருநாள் காசு அங்கேயே செலவாகிவிடும்.

உணவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் மாறினாலும் உள்நாட்டில் பரவலான முறை இது. முதல் நாள் காலையில் அர்ஸியா: அரிசியையும் இறைச்சியையும் குழைய வேகவைத்து, மரக்கரண்டியால் மசித்து, நெய் ஊற்றியது. இரண்டாம் நாள் மிஷ்காக், அதாவது மசாலாவில் ஊறிய இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துக் கரியில் சுடுவது. இதற்கிடையில் சுவாவுக்கான இறைச்சி மண்ணுக்கடியில் வெந்துகொண்டிருக்கும். மிளகாய், கொத்தமல்லி, சீரகம், கிராம்பு, ஏலம், பூண்டு, காடி சேர்த்து அரைத்த விழுதைப் பூசி, வாழையிலையில் சுற்றி, ஓலைப் பையில் இட்டுத் தைத்து, வீட்டுக்கு வீடு அடையாளம் கட்டி, ஊர்ப் பொதுக் குழியில் தணல் கனன்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கி, மூடி, இடுக்குகளில் மண் பூசிவிடுவார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் திறப்பார்கள். புகையும் மசாலாவும் ஏறி, எலும்பிலிருந்து தானே கழன்று வரும் அந்த இறைச்சியைச் சோற்றின்மேல் பரப்பி ஒரே தாம்பாளத்தில் ஐந்தாறு பேர் சுற்றி அமர்ந்து உண்பார்கள். உணவகங்களில் ஆண்டு முழுவதும் சுவா கிடைக்கிறது, ஆனால் அது அடுப்பில் வெந்தது. குழி திறக்கும் நேரத்தில் அருகில் நிற்க வாய்த்தால் வேறு எந்தத் திட்டத்தையும் கைவிடலாம். சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பழமும் அல்வாவும் வெறும் சோறும் பருப்பும் கிடைக்கும். அதற்குமேல் எதிர்பார்ப்பது விருந்தளிப்பவருக்குச் சங்கடம்.

வீட்டுக்கு அழைக்கப்பட்டால் சில முறைகளை அறிந்திருங்கள். செருப்பை வாசலில் கழற்றுங்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனி அறையில் அமர்வது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். தம்பதியாகச் செல்பவர்கள் பிரிந்து அமர ஆயத்தமாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் வலப்புறமிருந்து வரிசையாக ஸலாம் சொல்லிக் கை கொடுங்கள். எதிர்பாலினத்தவர் தாமே கை நீட்டினாலொழிய நீங்கள் நீட்டாதீர்கள். கால் நீட்டி உள்ளங்கால் பிறருக்குத் தெரியும்படி அமரக் கூடாது. முதலில் பழமும் பேரீச்சையும் அல்வாவும் வரும், பின் ஏலம் மணக்கும் கஹ்வா, அதாவது காபி, சிறு கிண்ணத்தில் வரும். வலக் கையால் வாங்குங்கள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது லேசாக அசைத்தால் போதும் என்று பொருள். அசைக்காமல் கொடுத்தால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் சாம்பிராணிப் புகையோ ஊது கட்டையின் புகையோ சுற்றி வரும். அது விடைபெறும் நேரம் வந்துவிட்டதன் குறிப்பு. அதன்பின்னும் அமர்ந்து அரட்டை அடிப்பது அழகல்ல. கையில் கொண்டுபோக இனிப்போ பழக்கூடையோ போதும். பெருநாள் வாழ்த்தாக ஈத் முபாரக் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள் மாலைகளில் ஊர்த் திடல்களில் ரஸ்ஹா என்னும் வாளாட்டமும், சில ஊர்களில் குதிரை, ஒட்டக ஓட்டங்களும் நடக்கும். அழைப்பிதழ் எதுவும் வேண்டியதில்லை. திடலோரம் நின்று பார்க்கலாம்.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுக்க விரும்பும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நகராட்சியின் அறுப்புக்கூடத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். குடியிருப்பு மாடியிலோ தெருவோரத்திலோ அறுப்பது நகராட்சி விதிப்படி தண்டனைக்குரியது. இனி வரும் சில ஆண்டுகளுக்கு இந்தப் பெருநாள் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. உள்நாட்டில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் பருவம் என்பதால் கோட்டைகளையும் சந்தைகளையும் காலை ஒன்பதுக்குள் பார்த்து முடித்துவிட்டு, மாலை ஐந்துக்குப் பின் மீண்டும் வெளியே வாருங்கள்.

மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலைப் பார்க்க நினைப்பவர்கள் அதைப் பெருநாள் விடுமுறைக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. முஸ்லிம் அல்லாதோருக்கு வழக்கமாகச் சனி முதல் வியாழன்வரை காலை 8 முதல் 11 வரை அனுமதி, வெள்ளிக்கிழமை இல்லை, பெருநாளில் இந்த நேரமும் மாறும். பெண்கள் தலைமுடி, மணிக்கட்டு, கணுக்கால்வரை மறைத்திருக்க வேண்டும். ஆண்கள் முழுக்கால் சட்டை அணிய வேண்டும். முத்ரா கடற்கரைச் சாலையை ஒட்டிய சூர் அல் லவாதியா என்னும் மதில் சூழ்ந்த பகுதி லவாதியா ஷியா சமூகத்தின் குடியிருப்பு. வாயில் திறந்திருந்தாலும் உள்ளே நுழைய வேண்டாம்.

நீண்ட விடுமுறையும் நெடுஞ்சாலையும்

அமீரகத்தில் நீண்ட விடுமுறை வரும்போதெல்லாம் ஓமனில் ஹோட்டல் கட்டணம் ஏறும். பெருநாள்களில் மட்டுமன்றி அமீரகத் தேசிய நாளான டிசம்பர் 2, 3 தேதிகளிலும் துபாய், அபுதாபியிலிருந்து குடும்பங்கள் காரில் வந்து குவியும். ஹத்தா வழியாக வரும் எல்லைச் சாவடியில் வரிசை மணிக்கணக்கில் நீளும். ஓமனின் வடகோடியான முசந்தமும் அந்நாள்களில் நிரம்பிவிடும். ஜபல் அக்தர் மலைக்குப் போக நினைப்பவர்கள், நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியை மட்டுமே அடிவாரத்தில் காவலர் அனுமதிப்பார்கள் என்பதையும், விடுமுறையில் அவ்வகை வாடகை வண்டி முதலில் தீர்ந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜூன் 21 முதல் செப்டம்பர் மூன்றாம் வாரம்வரை சலாலாவில் கரீஃப் எனப்படும் மழைச்சாரல் காலம். மஸ்கட்டிலிருந்து சலாலா ஆயிரம் கிலோமீட்டர். பாலைவனத்தின் நடுவே செல்லும் அந்தச் சாலையில் பெருநாளை ஒட்டி இரவில் ஓட்டுவதைத் தவிர்ப்பது உயிருக்கு நல்லது.

விடுமுறையில் உள்ளூர்க் குடும்பங்கள் வாதி பனி காலித், வாதி ஷாப் போன்ற நீரோடைப் பள்ளத்தாக்குகளுக்குக் கூட்டமாகப் போவார்கள். நீங்களும் போகலாம். ஆனால் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் நீச்சலுடையின் மேல் சட்டையும் முழங்கால் மறைக்கும் கால்சட்டையும் அணிந்திருங்கள். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். ஓடும் வெள்ளத்தில் வண்டியை இறக்குவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

தேசிய தினம்

சமயப் பெருநாள்களைவிட வெளியூர்க்காரருக்கு எளிதாகத் திறக்கும் கொண்டாட்டம் தேசிய தினம். நீண்ட காலம் அது முந்தைய சுல்தான் காபூஸின் பிறந்த நாளான நவம்பர் 18ஐ ஒட்டி நடந்தது. 2025 முதல், அல் புசைத் அரச மரபு 1744இல் ஆட்சிக்கு வந்ததை நினைவுகூரும் வகையில் நவம்பர் 20க்கு மாற்றப்பட்டு, 20, 21 இரு நாளும் விடுமுறை என்றாயிற்று. விடுமுறை நாள்கள் மட்டும் வார இறுதியோடு ஒட்டி நகரலாம். சிவப்பு, வெள்ளை, பச்சை விளக்குகள் சாலைகளெங்கும் எரியும், இளைஞர்கள் காரை அலங்கரித்து ஊர்வலம் போவார்கள், வானிலையும் இதமாகிவிடும். கடைகள் திறந்திருக்கும், உண்பதற்குத் தடையில்லை. முதல் பயணத்துக்கு நாள் குறிக்கச் சொன்னால் நான் இந்த வாரத்தைத்தான் குறிப்பேன்.

நம் பண்டிகைகள்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஓமனில் அரசு விடுமுறை கிடையாது. தேவையானால் ஆண்டு விடுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வழிபாட்டுக்குத் தடையில்லை. பழைய மஸ்கட்டில் அரண்மனைக்கு அருகே சிவன் கோயிலும், தார்சைத்தில் கிருஷ்ணன் கோயிலும் இருக்கின்றன. பண்டிகை நாள்களில் இரண்டிலும் கூட்டம் மிகும் என்பதால் வண்டி நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் புறப்படுங்கள். கோலம், விளக்கு, பலகாரம் எல்லாம் வீட்டளவில் செய்யலாம். பட்டாசு கூடாது, அதை நாட்டுக்குள் கொண்டுவருவதும் விற்பதும் தடைசெய்யப்பட்டவை. ஊரிலிருந்து வரும் பெட்டியில் மத்தாப்புப் பெட்டிகூட வைக்காதீர்கள். மண்டபம் எடுத்து விழா நடத்தவும், மேடை அமைக்கவும் முன் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம்: அனுமதியின்றி எந்த நோக்கத்துக்காகவும் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது குற்றம். கோயில் விழா நன்கொடையானாலும், ரமலானில் ஊர் ஏழைகளுக்கான ஜக்காத் நிதியானாலும், வாட்ஸ்அப் குழுவில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுக் கேட்பதும் இதில் அடங்கும். கொடுக்க விரும்புகிறவர் அரசு உரிமம் பெற்ற அறக்கட்டளைகளின் வழியாகக் கொடுக்கலாம். தெரிந்த ஒருவருக்குத் தன் கையால் கொடுப்பதை யாரும் தடுப்பதில்லை.